இரட்டை வாசல் படமும் அம்மா அணைத்த சூடமும்

மறைந்தவரை "சூது வாது அறியாதவர், எல்லோரையும் நம்பிய வெள்ளை உள்ளம்" என்று எழுதுவது இதுபோன்ற நினைவு மலர்களில் வழக்கம். எங்கள் அம்மாவைப் பற்றி நான் அப்படி எழுதினால், இதைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிப்பீர்கள். அம்மா யாரையும் எளிதில் நம்பியவர் இல்லை. என்னைப் பெற்ற அன்று, ஆஸ்பத்திரியில் பிள்ளையை மாற்றிவிடுவார்களோ என்று என் காலில் கறுப்புக் கயிறு கட்டிய பிறகுதான் கண்ணயர்ந்தாராம். பால்காரர், தையல்காரர், கோயில் பூசாரி, டாக்டர், பெற்ற பிள்ளைகள், கட்டிய கணவர் என்று அவருடைய சந்தேகத்துக்கு ஆள் வேற்றுமை கிடையாது. அந்த அம்மா எங்களைவிட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. அது எங்களுக்குப் பழகவே இல்லை.

அம்மா பிறந்தது வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரத்தில். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவர். ஆண் துணை இல்லாத வீடு என்றால் அறுவடைக் களத்தில் அளக்கிற படியும் சிறுத்துவிடும் என்பதை அந்த வயதிலேயே பார்த்திருக்கிறார். ஒருமுறை அவர்கள் வீட்டுக் கிடாய் களவு போனது. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் மேல் சந்தேகம். ஊர் கூடி, கோயில் முன்னால் சூடம் ஏற்றி, "எடுக்கலேன்னா அணைச்சுச் சத்தியம் பண்ணு" என்றார்கள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்வதுதான் எங்கள் பக்கத்துச் சத்தியம். பொய்யாக அணைத்தவருக்குக் கண் போய்விடும் என்பார்கள். அந்த மனிதர் கையை ஓங்கினார். சூடத்துக்குக் கிட்டே போனதும் கை நின்றுவிட்டது. பொழுது சாய்வதற்குள் கிடாய் வீடு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து அம்மா மனிதர்களை விட்டுவிட்டுச் சூடத்தை நம்பத் தொடங்கினார்.

ராஜபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகும் அதுதான். அடுப்படியில் ஒரு டப்பாவில், கரைந்து போகாமல் இருக்க மிளகு போட்டு, எப்போதும் சூடம் இருக்கும். டம்ளர் நெளிந்ததா, வெல்லம் குறைந்ததா, என்னையும் தம்பியையும் நிறுத்திச் சூடத்தைக் கொளுத்திவிடுவார். அப்பாவுக்கும் விலக்கு இல்லை. அப்பா பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். அதிகம் பேசாதவர். வேலை முடிந்து தாமதமாக வந்தால், "எங்க போயிருந்தீய?" என்பார் அம்மா. "லோடு ஏத்த நேரமாயிட்டு" என்பார் அப்பா. சூடம் வரும். அப்பா சலிக்காமல் ஒரு தட்டு தட்டிவிட்டுக் கை கழுவப் போவார். அவர்களுடைய குடித்தனம் அப்படித்தான் ஒழுங்காக நடந்தது.

எண்பதுகளின் நடுவில் அந்தப் படம் வீட்டுக்கு வந்தது.

அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வெள்ளைக்கார அம்மையார் வீடு எடுத்துத் தங்கி, தொழுநோயாளிகளுக்குக் கட்டுப் போடுகிற வேலை செய்துவந்தார். அவருக்குக் கம்பெனியிலிருந்து துணி கொண்டுபோய்க் கொடுப்பது அப்பாவின் பொறுப்பு. அந்த அம்மையார் ஊர் திரும்பும்போது நன்றிக்கு அடையாளமாக ஒரு பழைய போட்டோவைக் கொடுத்தார். அப்பா அதற்குக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார். கல்லால் கட்டிய தாழ்ந்த கட்டடம். ஓட்டுக் கூரை. கோபுரம் இல்லை, சிலுவை இல்லை, மணி இல்லை. முன்னால் தொப்பி போட்ட ஆண்களும், தலையை மூடிய பெண்களும் சிரிக்காமல் நிற்கிறார்கள். சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வாசல்கள்.

அம்மா அந்தப் படத்தின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது.

"ஒரு வீட்டுக்கு எதுக்குங்க ரெண்டு வாசல்?"

"அது வீடு இல்ல. அவுக கூடுற இடம்."

"கூடுற இடத்துக்கு ரெண்டு வாசல் எதுக்கு?"

அப்பாவுக்குத் தெரியவில்லை. "கேக்கலியே" என்றார். அம்மாவுக்கு அது போதும். எங்கள் ஊரில் ஒரே சுவரில் இரண்டு தலைவாசல் என்றால் அண்ணன் தம்பி பாகம் பிரித்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு ஆளுக்கு இரண்டு குடும்பம் இருக்க வேண்டும். அப்பா கூடப்பிறந்தவர் இல்லாதவர். எஞ்சியது என்ன என்பதை அம்மா என்னிடம் கண்ணாலேயே சொன்னார்.

அதற்குத் தோதாக அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறத் தொடங்கினார். கேட்டால், "அந்த வெள்ளக்கார அம்மாகிட்ட வேல பாத்த கம்பவுண்டர் வீட்டுல நாலு பேரு சேந்து செத்த நேரம் பேசாம உக்காந்திருப்போம். அந்த அம்மா இருந்தப்பயே பழகுனது" என்றார்.

"பேசாம உக்காரதுக்கு பஸ்ஸுக்கு வேற குடுத்து அம்புட்டு தூரம் போகணுமாக்கும்? இங்க மட்டும் என்ன பேசிக்கிட்டா இருக்கீய?"

அப்பா சிரித்தார். வரும்போது பால்கோவா வாங்கிவந்தார். குற்றம் இருக்கிறவர்கள்தான் இனிப்போடு வருவார்கள் என்பது அம்மாவின் கணக்கு. டப்பாவை எடுத்துச் சூடத்தைக் கொளுத்தினார். அன்றுதான் அப்பா முதல் தடவையாகக் கையை மடக்கிக்கொண்டார்.

"இனிமே சத்தியம் பண்ண மாட்டேன்மா. கேளு, உள்ளதைச் சொல்லுதேன். சூடத்துக்கு முன்னால ஒரு பேச்சு, சூடம் இல்லாதப்ப ஒரு பேச்சுன்னு எங்கிட்ட கிடையாது."

சூடம் தானாக எரிந்து அணைந்தது. அம்மா அன்று பால்கோவாவைத் தொடவில்லை. நானும் தம்பியும் தின்றோம்.

அடுத்த ஞாயிறு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு, அப்பாவுக்குப் பின்னாலேயே இன்னொரு பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். தேரடிக்குப் பின்னால் விசாரித்துக் கம்பவுண்டர் வீட்டைக் கண்டுபிடித்தோம். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். கம்பவுண்டரும் அவருடைய தம்பியும் பாகம் பிரித்துக்கொண்ட வீடு அது. ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வாசல்.

"பாத்தியாட்டி?" என்றார் அம்மா. அவர் முகத்தில் பயமும் இருந்தது, ஜெயித்த களையும் இருந்தது.

மாடியில் நாற்காலிகளை ஒன்றையொன்று பார்க்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கம்பவுண்டர், அவர் மனைவி, ஜவுளிக்கடை ராவுத்தர் ஒருவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், அப்பா. எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். கம்பவுண்டரின் மனைவி மட்டும் கண் திறந்து, எங்களுக்கு இடம் காட்டிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். பாட்டு இல்லை, பூசை இல்லை, புத்தகம் இல்லை. அம்மா கண்ணை மூடவே இல்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் பக்கத்து அறையை எட்டிப் பார்த்தார். பீரோவுக்குப் பின்னால் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் எழுந்து நின்றார்.

"நான் அவிய வீட்டுக்காரி. மகாராஜபுரத்துப் பொண்ணு. கேக்கேன்னு தப்பா எடுத்துக்கிடாதிய. இந்த மனுசன் இங்க எதுக்கு வாராக? இங்க அவியளுக்கு யாரும் இருக்காகளா? எனக்கு ஒரு பொட்டப்பிள்ள இருக்கு. நாளைக்கு அதைக் கட்டிக்குடுக்கணும். எனக்குத் தெரியாம எதும் இருந்தா இப்பமே சொல்லிருங்க."

யாரும் பதில் சொல்லவில்லை. ஒருவரும் அசையக்கூட இல்லை. அப்பாவின் மூடிய கண்ணிலிருந்து நீர் வந்ததை நான் பார்த்தேன். அம்மா நின்றபடியே இருந்தார். பிறகு கால் வலித்தோ என்னவோ உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்து எல்லோரும் கண் திறந்து ஒருவருக்கொருவர் கும்பிட்டுக்கொண்டார்கள். கம்பவுண்டர் மாமா அம்மாவிடம் வந்து, "நல்லா சொன்னீய தாயி. ரொம்ப நாளா இங்க யாரும் எந்திரிச்சுப் பேசல" என்றார்.

"நான் எங்க சொன்னேன்? கேட்டேன்லா? பதிலக் காணோமே!"

அவர் பொறுமையாக விளக்கினார். அந்த வெள்ளைக்கார அம்மையார் குவேக்கர் என்கிற கூட்டத்தைச் சேர்ந்தவர். கிறிஸ்துவர்கள்தான், ஆனால் அவர்களுக்குப் பூசாரி கிடையாது. கூடிப் பேசாமல் இருப்பார்கள். மனசு உந்தினால் ஒருவர் எழுந்து சொல்வார். மற்றவர்கள் அதற்குப் பதில் பேசாமல் மனசில் வாங்கிக்கொள்வார்கள். சத்தியம் செய்ய மாட்டார்கள். படத்தில் இருப்பது அவர்கள் ஊரின் மிகப் பழைய கூடுமிடம். அந்தக் காலத்தில் ஆண்கள் ஒரு வாசலாலும் பெண்கள் ஒரு வாசலாலும் போவார்களாம். "நாங்க யாரும் மாறல தாயி. ராவுத்தர் தொழுதுட்டுத்தான் இங்க வாராரு. சும்மா உக்காருதோம், அம்புட்டுதான்" என்றார்.

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தார். இன்னொரு குடும்பம் இல்லை என்பதில் பாதி நிம்மதி. ஆனால் ஒரு சந்தேகம் போன இடத்தில் வேறொன்று வந்துவிட்டது. மம்சாபுரம் விலக்கு ரோட்டைத் தாண்டியதும் மெல்லச் சொன்னார்: "சத்தியம் பண்ண மாட்டாவளாம். இவியளும் பண்ண மாட்டேங்காவ. வேதத்துக்கு மாறிட்டாகளோ?" எங்கள் பக்கம் கிறிஸ்துவத்தை வேதம் என்பார்கள்.

அதை அப்பாவிடம் அவர் கேட்கவில்லை. எதையும் முகத்துக்கு நேரே கேட்கிற அம்மா இதை மட்டும் கேட்கவில்லை. கேட்டு, அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? பிறகு எந்தக் கோயிலில் யாரோடு போய் நிற்பது? இதை அம்மா என்னிடம் பல வருடம் கழித்துத்தான் சொன்னார்.

எனக்குத் தளவாய்புரத்திலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை நல்லவர் என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் சொன்னதாலேயே அம்மா தனியாக மூன்று இடத்தில் விசாரித்தார். பெண் பார்க்க வருகிற அன்று காலையில் படத்தைக் கழற்றலாமா என்று கேட்டார். "கழட்டணும்னா கழட்டு" என்றார் அப்பா. கழற்றினால் சுவரில் வெள்ளையாக அடையாளம் தெரியும், அதைப் பார்த்து எதை எடுத்தார்கள் என்று சந்தேகப்படுவார்கள் என்று அம்மாவுக்குத் தோன்றிவிட்டது. அவரே அப்படித்தான் சந்தேகப்படுவார். அதனால் ஒரு பெரிய மாதக் காலண்டரை அதே ஆணியில் படத்தை மறைத்து மாட்டினார்.

எல்லாம் பேசி முடிந்தது. கேசரி வந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா அடுத்த மாதம் முகூர்த்த நாள் எப்போது என்று பார்ப்பதற்காக எழுந்து போய்க் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றினார். அவர்தான் இப்போது எங்கள் பெரிய மாமா. அவர் இதைப் படிக்கும்போது கோபித்துக்கொள்ளக் கூடாது, நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

"இது யாரு வீடு?" என்றார். "மறைச்சுல்லா வச்சிருக்கீய?"

அப்பா உள்ளதைச் சொன்னார். குவேக்கர் என்றார், கூடுமிடம் என்றார், ஞாயிற்றுக்கிழமை தானும் போய் உட்காருவதைச் சொன்னார்.

"அப்ப வேதக்கோயிலா?"

"அவுகளுக்குக் கோயிலு. ஆனா சிலுவையெல்லாம் கிடையாது."

"அதான் சந்தேகமா இருக்கு. சிலுவ இருந்தாலாவது இன்னதுன்னு தெரிஞ்சுக்கிடலாம். நீங்க மாறிட்டீயளா?"

"இல்ல. நான் மாறல."

"சரி, அப்ப ஒரு சூடத்தை அணைச்சுருங்க. எங்க மனசும் சமாதானமாயிரும்."

கூடம் முழுக்க அப்பாவைப் பார்த்தது. நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவர் கையை ஒருமுறை தட்டினால் என் கல்யாணம் நடக்கும். அந்த வீட்டில் அவர் தட்டாத சூடமா? அப்பா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, "சொன்னதுதாங்க. சத்தியம் பண்ணுறதில்ல" என்றார். அந்த நிமிடம் எனக்கு அப்பா மேல் வந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை.

"மாறலேன்னா அணைக்க வேண்டியதுதான? அணைக்க மாட்டேன்னா என்ன அர்த்தம்?" என்று பெரிய மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். கேசரித் தட்டுகள் அப்படியே இருந்தன.

அம்மா டப்பாவோடு கூடத்துக்கு வந்தார். தரையில் சூடத்தை வைத்துக் கொளுத்தினார்.

"சந்தேகப்படுறதுக்கு இந்த வீட்டுல நான் ஒருத்தி இருக்கேன், வேற யாரும் வேண்டாம். இவிய சட்டைப்பையில இருந்து செருப்பு வரைக்கும் நான் பாக்காத நாளில்ல. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பின்னாலயே போயிப் பாத்துட்டேன். இவிய ஒரு பொய் சொல்லியிருந்தா நான் பிடிச்சிருக்க மாட்டேனா? எம் புருசன் மாறல. இது சத்தியம்."

ஓங்கி ஒரே அடி. சூடம் அணைந்து புகை எழும்பியது. மாப்பிள்ளையின் தாயார், என் மாமியார், "பொம்பள இம்புட்டு துணிஞ்சு அடிச்ச பொறவு என்ன வேணும்? உக்காருங்க" என்று தன் கணவரின் அண்ணனைப் பார்த்துச் சொன்னார். கேசரி ஆறிப்போயிருந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள்.

அவர்களை பஸ் ஏற்றிவிட அப்பா போனதும், அம்மா அடுப்படியில் கையைத் தண்ணீரில் வைத்தபடி என்னைக் கேட்டார்: "ஏட்டி, நெசமாவே மாறலதான?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தெரியாமலே அணைத்திருக்கிறார்.

என் கல்யாணம் நடந்தது. தம்பிக்கும் நடந்தது. பேரன் பேத்திகள் வந்தார்கள். அவர்கள் காலிலும் அம்மா கறுப்புக் கயிறு கட்டினார். தொண்ணூறுகளில் அம்மாவுக்குச் சர்க்கரை வந்தது, பிறகு பார்வை மங்கியது. முதலில் அரிசியில் கல் தெரியவில்லை. பிறகு வாசலில் நிற்பது யார் என்று தெரியவில்லை. சந்தேகப்படுகிறவருக்குக் கண் போவதைவிடக் கொடுமை இல்லை. கண் டாக்டர் சர்க்கரையும் புரையும் என்றார். அம்மா என்னைத் தனியாக அழைத்து, "டாக்டருக்கு என்ன தெரியும்? அன்னைக்கு நான் அணைச்சது பொய்ச் சத்தியம். அதான் கண்ணு போகுது" என்றார். எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. "எங்கண்ணு போனாப் போகட்டும்டி. ஒன் கல்யாணம் நடந்துச்சுல்லா. அவியகிட்ட மட்டும் சொல்லிராத" என்றார். நான் பஸ்ஸில் அழுதுகொண்டே தளவாய்புரம் போனேன்.

மதுரையில் கண் ஆபரேஷனுக்குச் சேர்த்த அன்று அம்மாவால் அடக்க முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடி, அப்பா இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார்.

"இப்பமாவது சொல்லுங்க. மாறிட்டீயளா?"

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அடியை அவர் கூடத்தில் நின்று பார்த்தவர்தான். அதை அம்மா தெரிந்துகொண்டுதான் அடித்தார் என்று அத்தனை வருடமும் நம்பியிருந்தார். எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் காகிதப் பொட்டலமும் தீப்பெட்டியும். ஆஸ்பத்திரி வாசல் பெட்டிக்கடையில் வாங்கிய சூடம். கட்டிலுக்குக் கீழே குனிந்து உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்.

வாசனை அம்மாவுக்கு எட்டிவிட்டது. கட்டிலிலிருந்து சரிந்து இறங்கி, தடவித் தடவி அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன பண்ணுதீய? பண்ண மாட்டேன்னு சொன்னவுக பண்ணப்படாது. எங்கிட்ட வாயால சொல்லுங்க, போதும்."

"மாறல" என்றார் அப்பா.

"சரி."

அவ்வளவுதான். மேற்கொண்டு அம்மா ஒன்றும் கேட்கவில்லை. நர்ஸ் வந்து தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு அப்பாவைத் திட்டித் தீர்த்தார். பொட்டலத்தை அம்மா தன் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார். கண் கட்டைப் பிரித்த அன்று அப்பாவைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை: "இம்புட்டு மெலிஞ்சிருக்கீய, யாரு சமையல தின்னீய?" சில மாதம் கழித்துப் பையைத் திறந்தால் பொட்டலம் காலி. மிளகு போடாத சூடம் காற்றில் போயிருந்தது. எடுத்தது என் வீட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று அம்மா கடைசிவரை சந்தேகப்பட்டார்.

சென்ற ஆண்டு சிறுநீரகம் பழுதாகிப் படுத்தபோதும் மாத்திரையைப் பெயர் படித்துக் காட்டினால்தான் விழுங்குவார். நினைவு தப்புகிறவரை அப்பாவின் கையை விடவில்லை.

அம்மாவின் சந்தேகங்களுக்கெல்லாம் முகம் கோணாமல் வைத்தியம் பார்த்த டாக்டர்கள், நர்சுகளுக்கும், சுடுகாடு வரை உடன் வந்து காரியங்களை முன்நின்று நடத்திய தளவாய்புரத்துப் பெரிய மாமாவுக்கும், இறுதிச் சடங்கு முடிந்து எல்லோரும் போன பிறகும் எங்களோடு பேசாமல் உட்கார்ந்திருந்த கம்பவுண்டர் மாமா, ராவுத்தர் மாமா குடும்பத்தாருக்கும், தெருவாருக்கும் எங்கள் நன்றி. இந்த மலரின் பக்கங்களை அச்சகத்தில் சரியாகச் சேர்த்திருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா பார்த்திருப்பார்.

இப்போது கூடத்தில் அம்மாவின் படமும் இரட்டை வாசல் படமும் அடுத்தடுத்து இருக்கின்றன. இதை எழுதி முடித்து அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். தன் பங்குக்கு ஒரே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: "ஒங்கம்மா அன்னைக்கு அணைச்சது பொய்ச் சத்தியம் இல்லன்னு எழுதும்மா."

எழுதிவிட்டேன். சூடம் ஏற்றவில்லை. இதற்கு மேலும் சந்தேகம் இருப்பவர்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நேரிலேயே கேட்கலாம். கேட்க ஆள் இல்லாமல் அவர் மெலிந்துகொண்டு வருகிறார்.